மேடையில் எஃபெக்ட்ஸ் பெடல்: பேண்டில் புதிதாகச் சேரும் கிட்டார்காரருக்கு

வீட்டில் ஹெட்போன் மாட்டி வாசிக்கும்போது பிரமாதமாக இருக்கும் டிஸ்டார்ஷன் (ஒலியைக் கரகரப்பாக்கும் எஃபெக்ட்), டிரம்ஸும் பேஸும் இரண்டு கீபோர்டும் சேர்ந்ததும் எங்கே போனதென்றே தெரியாது. சோலோவுக்குப் பெடலை மிதித்தால் கிட்டார் முன்னால் வருவதற்குப் பதில் இன்னும் உள்ளே போய்விடும். புதியவர்கள் அடுத்த பெடல் வாங்கக் கடைக்குக் கிளம்புவது இந்தக் கட்டத்தில்தான். பெரும்பாலும் அது வீண் செலவு. மேடையில் பெடல் என்பது முக்கால்வாசி ஒலியளவைக் கையாளும் வேலை. மிச்சம், கரண்டும் கேபிளும் பாட்டு நடுவில் காலை வாராமல் பார்த்துக்கொள்வது.

மூன்று பெடலில் தொடங்குங்கள்

டியூனர், ஓவர்டிரைவ் (மிதமான டிஸ்டார்ஷன்), டிலே (எதிரொலி). முதல் சில கச்சேரிகளுக்கு இவை போதும். டியூனருக்கு இரண்டு வேலை: சுருதி பார்ப்பது ஒன்று, மிதித்ததும் ஒலியை அடைப்பது இன்னொன்று. கிட்டார் மாற்றும்போதோ கேபிளைக் கழற்றும்போதோ ஸ்பீக்கரில் ‘டப்’ என்று அறையாமல் இருக்க அந்த அடைப்புதான் காப்பு. கிட்டாரில் மாட்டும் கிளிப் டியூனர் ஒலியை அடைக்காது. மேடைக்குத் தரையில் வைக்கும் டியூனர்தான் சரி.

ஓவர்டிரைவில் ஐபனெஸ் டியூப் ஸ்க்ரீமர், பாஸ் எஸ்டி-1 வகையறா எதுவானாலும் சரி. நான்காவதாக ஒன்று வாங்க முடிந்தால் கிளீன் பூஸ்ட் (ஒலியைக் கசக்காமல் சத்தத்தை மட்டும் கூட்டும் பெடல்) வாங்குங்கள். கோரஸும் வா பெடலும் பாட்டுப் பட்டியல் கேட்கும்போது வாங்கினால் போதும்.

கரண்ட்: பாதிக் கோளாறு இங்கேதான்

பெடல்களில் வழக்கமாக இருப்பது 9 வோல்ட் டிசி, 2.1 மி.மீ. பிளக், நடுமுனை நெகட்டிவ். அடாப்டர் ஸ்டிக்கரில் மூன்று விஷயம் பாருங்கள். வோல்ட் பெடல் கேட்பதாகவே இருக்க வேண்டும். துருவம் பொருந்த வேண்டும். மில்லி ஆம்பியர் மட்டும் தேவைக்கு மேல் எவ்வளவு இருந்தாலும் பாதகமில்லை, ஏனென்றால் பெடல் தனக்கு வேண்டியதைத்தான் இழுக்கும். கீபோர்டுக்கோ இணைய ரவுட்டருக்கோ வந்த அடாப்டர் பிளக் பொருந்துகிறது என்பதற்காகச் செருகாதீர்கள். அதில் 12 வோல்ட் வரலாம், துருவமும் தலைகீழாக இருக்கலாம்.

அனலாக் ஓவர்டிரைவ் சுமார் 10 மில்லி ஆம்பியர் எடுக்கும். டியூனருக்கு 30 சுற்றி, டிஜிட்டல் டிலேக்கு 50 முதல் 100, பெரிய டிஜிட்டல் ரிவெர்புக்கு 300 வரைகூடப் போகும். உங்களிடம் இருப்பவற்றைக் கூட்டி, அதற்கு மேல் கால் பங்கு சேர்த்து அடாப்டர் வாங்குங்கள். கரண்ட் பற்றாவிட்டால் டிஜிட்டல் பெடல் பாட்டு நடுவில் அணைந்து மறுபடி எரியும், அல்லது விளக்கு எரியும், ஒலி வராது.

ஒரே அடாப்டரிலிருந்து பல முனைகள் பிரியும் டெய்சி செயின் வயர் மலிவு. அனலாக் பெடல்கள் மட்டும் என்றால் அதுவே போதும். டிஜிட்டல் டிலே ஒன்றை அதே வயரில் சேர்த்ததும் ‘கீ’ என்ற மெல்லிய இரைச்சல் கிளம்பலாம். டிஸ்டார்ஷனைப் போட்டால் அது பெரிதாகும். டிஜிட்டல் சர்க்யூட்டின் சத்தம் பொதுவான எர்த் வழியாக மற்ற பெடல்களுக்குள் போவதுதான் காரணம். ஒவ்வொரு முனையும் மின்சாரத்தில் தனித்துப் பிரிந்திருக்கும் ஐசோலேட்டட் பவர் சப்ளை இதற்குத் தீர்வு. பெட்டியில் எட்டு ஓட்டை இருப்பதால் மட்டும் அது ஐசோலேட்டட் ஆகிவிடாது. ஒரே முனையை எட்டாகப் பிரித்துத் தருகிற பெட்டிகளும் விற்பனைக்கு உண்டு.

பழைய பாணி ஜெர்மேனியம் ஃபஸ் பெடல்கள் சிலவற்றில் துருவம் தலைகீழ். அவற்றை டெய்சி செயினில் சேர்த்தால் ஷார்ட் ஆகும். பேட்டரியில் ஓட்டுங்கள். பேட்டரி பெடல்களில் இன்புட் ஜாக்தான் சுவிட்ச்: விளக்கு எரியாவிட்டாலும் கேபிள் செருகியிருக்கும் வரை பேட்டரி கரைந்துகொண்டே இருக்கும்.

எதற்குப் பின் எது

கிட்டாரிலிருந்து ஆம்ப் நோக்கி இந்த வரிசையில் தொடங்குங்கள்: ஃபஸ், டியூனர், வா, கம்ப்ரஸர், ஓவர்டிரைவ், டிஸ்டார்ஷன், பூஸ்ட், கோரஸ் அல்லது ஃபேஸர், டிலே, ரிவெர்ப். இருப்பதை மட்டும் இந்த வரிசையில் வையுங்கள்.

இதற்குப் பின்னால் இருக்கும் கணக்கு எளிது. டிஸ்டார்ஷன் தன் முன்னால் வருவதையெல்லாம் கசக்கும். டிலேயை அதற்கு முன்னால் வைத்தால் எதிரொலிகளும் கசங்கிக் குழைந்துபோகும். பின்னால் வைத்தால், கசங்கிய ஒலி தெளிவாகத் திரும்பத் திரும்ப வரும். ஃபஸ் விதிவிலக்கு. 1966இல் வந்த ஃபஸ் ஃபேஸ் போன்ற சர்க்யூட்கள் கிட்டாரின் பிக்கப்பை நேரடியாகப் பார்க்க விரும்புபவை. நடுவில் பஃபர் (நீண்ட கேபிளைத் தாங்கும்படி சிக்னலை வலுவாக்கும் சர்க்யூட்) வந்தால் ஒலி கூர்மையாகிக் கீச்சிடும். பாஸ் பெடல்கள் எல்லாம் பொதுவாக அணைத்த நிலையிலும் பஃபர் வழியாகவே ஒலியை அனுப்பும். அதனால்தான் டியூனரை ஃபஸ்ஸுக்குப் பின்னால் போடச் சொன்னோம்.

பஃபர் கெட்ட வார்த்தை இல்லை. கிட்டார் கேபிளில் மீட்டருக்குச் சுமார் 100 பிகோஃபாரட் கெபாசிட்டன்ஸ் இருக்கும். கிட்டாரிலிருந்து பெடல் போர்டுக்கு (பெடல்களை ஒட்டி வைக்கும் பலகை) 6 மீட்டர், அங்கிருந்து ஆம்புக்கு இன்னொரு 6 மீட்டர் ஓடினால் டிரெபிள் மங்குவது காதுக்கே தெரியும். எல்லாப் பெடலும் ட்ரூ பைபாஸ் (அணைத்தால் பஃபர் இல்லாமல் ஒலி நேராகக் கடந்துபோவது) என்று பெருமைப்படுகிறவர்களின் கிட்டார் பெரிய மேடையில் மந்தமாகக் கேட்பதற்கு இதுதான் காரணம். வரிசையில் ஒரே ஒரு நல்ல பஃபர் இருந்தால் போதும்.

டிஸ்டார்ஷனை ஆம்பிலேயே எடுக்கிறீர்கள் என்றால் டிலேயும் ரிவெர்பும் ஆம்பின் பின்பக்கமுள்ள எஃபெக்ட்ஸ் லூப்புக்குப் போக வேண்டும்: சென்டிலிருந்து பெடல் இன்புட், பெடல் அவுட்புட்டிலிருந்து ரிட்டர்ன். வாடகை ஆம்பில் லூப் இருக்கும் என்று நம்பிப் போகாதீர்கள். ஆம்பைக் கிளீனாக வைத்து எல்லா அழுக்கையும் (டிஸ்டார்ஷனை) பெடலில் எடுத்தால், எந்த ஆம்ப் கிடைத்தாலும் ஏறத்தாழ ஒரே ஒலி வரும்.

போர்டில் பொருத்துவது

வெல்க்ரோவின் சொரசொரப்பான பக்கம் பெடலுக்கு, மென்மையான பக்கம் போர்டுக்கு. ஒட்டும் முன் பெடலின் அடியை ஸ்பிரிட்டால் துடைக்காவிட்டால் வெயில் மேடையில் பசை இளகிப் பெடல் நகரும். பெரும்பாலான பெடல்களில் இன்புட் வலப்பக்கம், அவுட்புட் இடப்பக்கம். ஆக, சங்கிலி வலமிருந்து இடமாக ஓடும். கிட்டார் கேபிள் வலப்பக்கம் வரும். அடிக்கடி மிதிப்பதைக் காலுக்கு அருகில் வையுங்கள். வரிசையில் அது எங்கே இருந்தாலும் பேட்ச் கேபிளை (பெடலுக்குப் பெடல் இணைக்கும் சின்னக் கேபிள்) நீட்டிக்கொள்ளலாம். டிசி வயரையும் பேட்ச் கேபிளையும் ஒன்றாகக் கட்டாதீர்கள்.

ஒலியளவைச் சமன்செய்வது

இதை வீட்டில் செய்ய முடியாது. டிரம்ஸ் வாசிப்பவர் உண்மையான வேகத்தில் அடிக்க, பேண்ட் முழுவதும் ஒத்திகையில் இருக்கும்போது செய்யுங்கள்.

1. எல்லாப் பெடலையும் அணையுங்கள். ஆம்பின் பேஸ், மிட், டிரெபிள் மூன்றும் நடுவில். கிட்டார் வால்யூம் 8இல். பாடகரின் குரலுக்குக் கீழே கிட்டார் தெளிவாகக் கேட்கும் அளவுக்கு ஆம்பைக் கூட்டுங்கள். இதுதான் உங்கள் அடிப்படை அளவு.

2. ஓவர்டிரைவைப் போடுங்கள். டிரைவ் குமிழைக் கடிகாரத்தின் 10 மணி நிலையிலும், டோனை 12 மணியிலும் வைத்து, ஒரே கார்டை அடித்தபடி பெடலைப் போட்டுப் போட்டு அணையுங்கள். சத்தம் இரண்டிலும் ஒன்றாக இருக்கும் வரை லெவலைத் திருகுங்கள். காதை மட்டும் நம்பாமல் மிக்ஸரில் உங்கள் சானலின் மீட்டரையும் ஒருவரைப் பார்க்கச் சொல்லுங்கள். டிஸ்டார்ஷன் காதுக்குச் சத்தமாகத் தோன்றும், உண்மையில் அழுத்தப்பட்டிருக்கும்.

3. டிரைவை இப்போது கொஞ்சம் குறையுங்கள். தனியாகக் கேட்கும்போது ‘இன்னும் கொஞ்சம் வேண்டுமே’ என்று தோன்றும் இடம்தான் பேண்டுக்குச் சரியான இடம். டிரைவ் கூடக்கூட ஒவ்வொரு அடியின் முனையும் மழுங்கும். முனை மழுங்கினால் டிரம்ஸுக்கு நடுவில் கிட்டார் தொலையும்.

4. சோலோவுக்கான பூஸ்டை டிரைவ் பெடலுக்குப் பின்னால் வைத்து 3 முதல் 4 டெசிபெல் மட்டும் கூட்டுங்கள். டிரைவுக்கு முன்னால் வைத்தால் அழுக்கு கூடும், சத்தம் கூடாது. சோலோவில் கிட்டார் உள்ளே போவதாக முதலில் சொன்னது பெரும்பாலும் இதனால்தான்.

5. பூஸ்ட் இருப்பதைச் சவுண்ட் இன்ஜினியரிடம் சொல்லி, சவுண்ட் செக்கிலேயே போட்டுக் காட்டுங்கள். சொல்லாவிட்டால் முதல் சோலோவில் அவர் ஃபேடரை இறக்குவார், ரிதமுக்குத் திரும்பும்போது நீங்கள் கேட்கவே மாட்டீர்கள். உங்கள் சானலில் அவர் கம்ப்ரஸர் போட்டிருந்தாலும் பூஸ்ட் அமுங்கிப்போகும்.

எல்லாம் முடிந்ததும் குமிழ்களைக் கைப்பேசியில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். பையில் போனால் குமிழ்கள் திரும்பிவிடும்.

மிட்டை வெட்டாதீர்கள்

பேஸையும் டிரெபிளையும் ஏற்றி மிட்டைக் குடைந்த ஒலி, தனியாக வாசிக்கையில் சினிமாத்தனமாக இருக்கும். பேண்டில் அந்த அடிப்பகுதி பேஸ் கிட்டாருக்கும் கிக் டிரம்முக்கும் சொந்தம்; உச்சி சிம்பலுக்கு. கிட்டாருக்கென்று மிஞ்சுவது ஏறத்தாழ 500 ஹெர்ட்ஸிலிருந்து 3 கிலோஹெர்ட்ஸ் வரையுள்ள நடுப்பகுதி. அதையும் வெட்டிவிட்டு வால்யூமை ஏற்றிக்கொண்டே போவதில் பயனில்லை. டியூப் ஸ்க்ரீமர் இத்தனை காலம் தாக்குப்பிடித்திருப்பதற்குக் காரணம், அது 720 ஹெர்ட்ஸ் சுற்றி மிட்டைத் தூக்கி, பேஸைக் குறைப்பதுதான். தனியாகக் கேட்டால் மூக்கால் பாடுவது போலிருக்கும். பேண்டோடு சேர்ந்தால் சரியாக உட்காரும்.

நம் ஊர் மெல்லிசைக் குழுவில் இரண்டு கீபோர்டு, தபலா, டோலக், ரிதம் பேட் என்று நடுப்பகுதியே நெரிசல். அங்கே கிட்டாரின் பேஸைத் தயங்காமல் குறையுங்கள். மிக்ஸரில் 100 ஹெர்ட்ஸுக்குக் கீழ் வெட்டச் சொல்லுங்கள்.

வீட்டில் வைத்த அளவுகள் மேடையில் பொய்த்துப்போவதற்குக் காதும் ஒரு காரணம். சத்தம் குறைவாக இருக்கும்போது பேஸும் டிரெபிளும் காதுக்குக் குறைவாகவே எட்டும். ஃப்ளெட்சரும் மன்சனும் 1933இல் வெளியிட்ட சம ஒலிப்பு வளைகோடுகள் இதைத்தான் காட்டுகின்றன. படுக்கையறையில் அந்தக் குறையை ஈடுகட்ட ஏற்றிய பேஸும் டிரெபிளும் மேடைச் சத்தத்தில் உறுமலாகவும் குத்தலாகவும் வெளிப்படும்.

டிலே, ரிவெர்ப்

டிலே நேரத்துக்குக் கணக்கு உண்டு: 60,000ஐ பாட்டின் பிபிஎம்மால் (நிமிடத்துக்கு எத்தனை தாளம்) வகுத்தால் ஒரு தாளத்துக்கான மில்லி வினாடி. 120 பிபிஎம் என்றால் 500. அதை 0.75ஆல் பெருக்கினால் 375. துள்ளலாக இடைவெளி நிரப்பும் டாட்டட் எய்த் அதுதான். டேப் டெம்போ சுவிட்ச் இருந்தால் கணக்கே வேண்டாம், டிரம்ஸோடு நான்கு முறை மிதித்தால் போதும். டேப் இல்லாத பெடலில், வேகம் மாறும் பாட்டுகளுக்கு 100 மில்லி வினாடி சுற்றிக் குட்டையாக வைத்தால் தாளத்தோடு மோதாது. எதிரொலி இரண்டு மூன்றுக்கு மேல் வேண்டாம்.

ரிவெர்பை வீட்டில் வைத்ததில் பாதியாக்குங்கள். கல்யாண மண்டபமோ கல்லூரி ஆடிட்டோரியமோ, அந்த இடமே போதுமான எதிரொலியைச் சேர்த்துவிடும். போதாததற்கு மிக்ஸரிலிருந்தும் கொஞ்சம் வரும்.

ஆம்ப் இல்லாமல் நேராக மிக்ஸருக்கு

சர்ச்சிலும் சின்ன மேடைகளிலும் கிட்டார் ஆம்பே இருக்காது, டி.ஐ. பாக்ஸ் (கிட்டார் சிக்னலை மிக்ஸருக்கு ஏற்றபடி மாற்றும் பெட்டி) வழியாக மிக்ஸருக்குப் போக வேண்டும். ஓவர்டிரைவை அப்படியே அனுப்பினால் ஈக்கூட்டம் மொய்ப்பது போல் ஒலிக்கும். கிட்டார் ஆம்பின் ஸ்பீக்கர் ஏறத்தாழ 5 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் உள்ளதை இயல்பாகவே விழுங்கிவிடும். மேடை ஸ்பீக்கர் விழுங்காது. அந்த வேலையைச் செய்ய கேபினெட் சிமுலேஷன் உள்ள பெடல் ஒன்று வரிசையின் கடைசியில் வேண்டும். மல்டி எஃபெக்ட்ஸில் (பல எஃபெக்ட் ஒரே பெட்டியில்) இது உள்ளேயே இருக்கும். மிக்ஸருக்குப் போகும்போது போடுங்கள், ஆம்புக்குப் போகும்போது அணையுங்கள். அணைக்க மறந்தால் ஒலி இரண்டு ஸ்பீக்கர் வழியாக வடிகட்டியது போல மந்தமாக வரும்.

மல்டி எஃபெக்ட்ஸ் வைத்திருப்பவர்களுக்கு ஒரே ஒரு யோசனை: தொழிற்சாலையில் போட்டு அனுப்பிய பேட்ச்களை (சேமித்து வைத்த ஒலி அமைப்புகள்) நம்பாதீர்கள். அவை கடையில் ஹெட்போனில் மயக்குவதற்காகச் செய்தவை; ரிவெர்பும் கோரஸும் திகட்டத் திகட்ட இருக்கும். கிளீன், ரிதம் டிரைவ், சோலோ என்று மூன்றே பேட்ச் நீங்களே செய்து, மூன்றின் லெவலையும் மேலே சொன்னபடி சமன்செய்து, அடுத்தடுத்த இடத்தில் சேமியுங்கள்.

மேடைக்குப் போனதும்

பெடல் போர்டுக்கான கரண்டைச் சவுண்ட் செட்டின் லைனிலிருந்து கேளுங்கள், லைட் லைனிலிருந்து வேண்டாம். டிம்மர் விளக்குகளோடு ஒரே லைனில் இருந்தால், விளக்கு மங்கும்போதெல்லாம் ‘ஙீ’ என்று இரையும்.

ஹம் வருகிறதென்று மூன்று முள் பிளக்கின் எர்த் முள்ளை உடைப்பவர்களைப் பார்க்கலாம். ஒருபோதும் செய்யாதீர்கள். கிட்டார் கம்பிகள் ஆம்பின் எர்த்தோடு இணைந்திருக்கின்றன. வாசித்துக்கொண்டே மைக்கில் உதடு பட்டால் உங்கள் உடல்தான் இரண்டுக்கும் பாலம். 1972இல் ஸ்டோன் த க்ரோஸ் குழுவின் கிட்டார் கலைஞர் லெஸ் ஹார்வி, வேல்ஸ் நாட்டின் ஸ்வான்சீயில் மேடையிலேயே மைக்கைத் தொட்டு மின்சாரம் தாக்கி இறந்தார். பாடிக்கொண்டே வாசிப்பவர்கள் ஒரு மல்டிமீட்டர் வைத்திருங்கள். ஏசி வோல்ட்டில் வைத்து ஒரு முனையைக் கம்பியிலும் மறுமுனையை மைக்கின் வலையிலும் வையுங்கள். பூஜ்யத்தை ஒட்டி இருக்க வேண்டும். பத்து இருபது வோல்ட் காட்டினால்கூட சவுண்ட்காரர் எர்த்தைச் சரிசெய்யும் வரை வாசிக்காதீர்கள். ஜெனரேட்டரில் ஓடும் திறந்தவெளி மேடைகளில் இதைக் கட்டாயம் பாருங்கள். டி.ஐ. பாக்ஸால் வரும் ஹம் என்றால் அதிலுள்ள கிரவுண்ட் லிஃப்ட் சுவிட்சைத் தட்டுங்கள். அது ஆடியோ கேபிளின் எர்த்தை மட்டுமே பிரிக்கும், ஆபத்தில்லை.

பாட்டு நடுவில் சத்தம் நின்றால்

டியூனர் அடைப்பில் இருக்கிறதா, கிட்டார் வால்யூம் இறங்கியிருக்கிறதா? இரண்டும் இல்லையென்றால் பெடல் விளக்குகளைப் பாருங்கள். எல்லாமே அணைந்திருந்தால் அடாப்டர் கழன்றிருக்கிறது. விளக்கு எரிந்தும் ஒலி இல்லையென்றால் அங்கே உட்கார்ந்து ஆராயாதீர்கள்: ஆம்ப் வால்யூமைக் குறைத்து, போர்டிலிருந்து ஆம்புக்குப் போகும் கேபிளைப் பிடுங்கி நேராகக் கிட்டாரில் செருகிப் பாட்டை முடியுங்கள். பிறகு வரிசையை நடுவில் பாதியாகப் பிரித்து, எந்தப் பாதியில் ஒலி சாகிறது என்று பாருங்கள்; இரண்டு மூன்று சுற்றில் ஆள் அகப்படும். பெரும்பாலும் அது ஒரு பேட்ச் கேபிளாகத்தான் இருக்கும்.

இரைச்சல் என்றால் கிட்டார் வால்யூமைப் பூஜ்யமாக்குங்கள். நின்றுவிட்டால் பிக்கப் வழியாக வருகிறது; திரும்பி நில்லுங்கள், எல்இடி விளக்குப் பெட்டியிலிருந்து விலகுங்கள். நிற்காவிட்டால் போர்டிலோ கரண்டிலோ தேடுங்கள்.

பையில் எப்போதும் இருக்க வேண்டியவை: ஒரு உபரி கிட்டார் கேபிள், இரண்டு பேட்ச் கேபிள், ஒரு 9 வோல்ட் பேட்டரி, ஒரு தனி 9 வோல்ட் அடாப்டர், காஃபர் டேப், நட்டு முறுக்கச் சின்ன ஸ்பேனர். கச்சேரி முடிந்ததும் முதலில் ஆம்பை அணையுங்கள், பிறகு போர்டுக்கான கரண்ட், கடைசியாகக் கேபிள்கள். பேட்டரி பெடல்களின் இன்புட்டைக் கழற்ற மறக்காதீர்கள். பழுதான கேபிள் ஒன்று அகப்பட்டிருந்தால் அதன் நடுவில் ஒரு முடிச்சுப் போட்டுத் தனியாக வையுங்கள். இல்லாவிட்டால் அடுத்த மேடையில் அதுவே முதலில் கையில் வரும்.